சேர்த்து வைக்கும் சொல்லும் எரித்துவிடும் சொல்லும்

புத்தாண்டுக்குத் தீர்மானங்களைப் பட்டியல் போடாமல் ஒரே ஒரு சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு ஆண்டைத் தொடங்குவது நல்ல பழக்கம். இது உலகின் இரண்டு இடங்களில், ஒன்றையொன்று அறியாமலே, இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கிராப்புக், அதாவது படமும் குறிப்பும் ஒட்டிய ஆல்பம், செய்பவர்களிடம் பரவியிருப்பது ஒன்று. அதற்கு வயது இருபது ஆண்டுகள் இருக்கும். இன்னொன்று ஜப்பானில் ஜனவரி 2-ஆம் தேதி தூரிகையால் எழுதுவது. அது பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அமெரிக்க வழக்கம் தேர்ந்தெடுத்த சொல்லைப் பன்னிரண்டு மாதமும் ஆல்பத்தில் சேர்த்து வைக்கிறது. ஜப்பானிய வழக்கத்தில் எழுதிய சொல் பல ஊர்களில் இரண்டு வாரத்தில் நெருப்புக்குப் போய்விடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டு ஆல்பம் செய்ய நினைப்பவருக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அமெரிக்க வழக்கத்தைப் பரப்பியவர் அலி எட்வர்ட்ஸ். ஓரிகன் மாநிலத்துக்காரர், வரைகலை வடிவமைப்பு தெரிந்தவர், ஸ்கிராப்புக் உலகில் எழுத்தாளராகவும் பயிற்சியாளராகவும் அறியப்பட்டவர். 2006-இல் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட சொல் ‘விளையாடு’. மறு ஆண்டு வேறொரு சொல். இப்படி ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து, அதை ஒட்டிப் படம் எடுப்பதும் குறிப்பு எழுதுவதுமாக அவர் செய்துவந்ததைப் பார்த்துப் பலரும் தொடர்ந்தார்கள். ‘ஒன் லிட்டில் வேர்ட்’ என்ற பெயரில் மாதத்துக்கு ஒரு பயிற்சி என்று அது ஆண்டு முழுக்க நீளும் வகுப்பாகவே வளர்ந்தது. முதல் மாதம் சொல்லுக்கு ஒரு முகப்புப் பக்கம், ஏன் இந்தச் சொல் என்று ஒரு குறிப்பு. பிறகு ஒவ்வொரு மாதமும் அதே சொல்லுக்குத் திரும்பி வந்து ஒரு படம், ஒரு பக்கம்.

இந்த விதை விழுந்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டி ஒட்டும் ஏடு அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. மார்க் ட்வெய்ன் 1873-இலேயே, பசை முன்கூட்டித் தடவிய ஒட்டேட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஸ்கிராப்புக் கலை யூட்டா மாநிலத்தில், மார்மன் குடும்பங்களின் வம்சாவளிப் பற்றிலிருந்து எழுந்தது. மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தன் குடும்ப வரலாற்றை ஐம்பதுக்கு மேற்பட்ட ஏடுகளாகச் செய்து, 1980-இல் சால்ட் லேக் நகரில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் தாளும் உறையும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். மறு ஆண்டே ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் அவர் குடும்பம் கடை திறந்தது. ஆக, இந்தக் கலையின் வேர் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதில் இருக்கிறது. அந்த மண்ணில் முளைத்த சொல்லும் காக்கப்பட வேண்டிய பொருளாகவே கருதப்பட்டது.

ஜப்பானிய வழக்கத்தின் பெயர் ககிசோமே. ஆண்டின் முதல் எழுத்து என்று பொருள். அரண்மனை, பிரபுக்கள் வட்டாரத்தில் இருந்த சடங்கு, எடோ ஆட்சிக் காலத்தில் தெரகோயா என்னும் திண்ணைப் பள்ளிகள் வழியாகக் குடியானவர், வணிகர் வீட்டுப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. புத்தாண்டுக் காலையில் முதன்முதலாக இறைத்த நீரை விட்டு மைக்கட்டியைக் கல்லில் உரைப்பார்கள். அந்த ஆண்டுக்கு நல்ல திசை எது என்று பார்த்து அத்திசை நோக்கி உட்கார்ந்து எழுதுவார்கள். இன்று பள்ளிகளில் இது குளிர்கால விடுமுறைக்கான வீட்டுப்பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்துதான் தூரிகை; அதற்குக் கீழே படிக்கும் குழந்தைகளுக்குப் பென்சில். கியோத்தோவின் கிதானோ தென்மாங்கூ ஆலயத்தில், கல்விக்குரிய தெய்வமான மிச்சிசானேயின் முன்னிலையில், ஜனவரி 2 முதல் எழுதுகிறார்கள். ஜனவரி 5 அன்று தோக்கியோவின் நிப்போன் புடோக்கான் அரங்கில் நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடி, தரையில் மண்டியிட்டு எழுதும் காட்சியை எல்லாச் செய்தி நிறுவனங்களும் படம் பிடிக்கும். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது.

யார் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு வழக்கங்களும் முதலில் பிரிகின்றன. எட்வர்ட்ஸ் வழியில் சொல் முழுக்க முழுக்கத் தனிமனிதருடையது. ‘பொறுமை’, ‘துணிவு’, ‘வேர்’, ‘போதும்’ என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். காரணம் அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஜப்பானியப் பள்ளியில் பெரும்பாலும் வகுப்புக்கு இன்ன சொல் என்று முன்பே முடிவாகிவிடும். ‘நம்பிக்கை’, ‘நட்பு’, ‘ஆண்டின் முதல் சூரியோதயம்’ போன்ற தொடர்களை முப்பது நாற்பது பிள்ளைகளும் எதிரே வைத்த மாதிரி எழுத்தைப் பார்த்து எழுதுவார்கள். பெரியவர்கள் தாங்களாக ஒன்றைத் தேர்ந்துகொள்வதும் உண்டு. ஆனால் வழக்கத்தின் முதுகெலும்பு கொடுத்த சொல்தான்.

கேட்டவுடன் நம் மனம் தனிமனிதத் தேர்வின் பக்கமே சாயும். சுதந்திரம் இருக்கிறதே. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். சொல் தேடியே டிசம்பர் முழுதும் கழிகிறது. அகராதியைப் புரட்டி, பட்டியல் எழுதி, அடித்து, தோழிகளிடம் கேட்டு, கடைசியில் எடுத்த சொல்லும் சரிதானா என்ற சந்தேகத்தோடு ஜனவரி பிறக்கிறது. பலர் ஆண்டுக்கு நடுவில் சொல்லை மாற்றிவிடுகிறார்கள். சிலர் பிப்ரவரியோடு விட்டுவிடுகிறார்கள். கொடுத்த சொல்லை எழுதும் பிள்ளைக்கு இந்தத் தவிப்பே கிடையாது. நாற்பது பேரும் எழுதுவது ‘நம்பிக்கை’. நாற்பது தாளும் நாற்பது விதம். ஒருவனின் கோடு தடித்து நிற்கிறது, இன்னொருத்தியின் கோடு முடிவில் நடுங்குகிறது, மூன்றாவது பிள்ளை இடம் போதாமல் கடைசி எழுத்தைச் சுருக்கி எழுதியிருக்கிறது. சொல் பொதுவாக இருப்பதால் ஆள் தெரிகிறார். அமெரிக்க ஆல்பத்தில் இது தலைகீழ். சொல் தனித்தன்மையோடு இருக்கிறது. ஆனால் அதைக் கடையில் வாங்கிய ஸ்டிக்கரில், எல்லோரும் வாங்கும் அதே எழுத்துருவில் ஒட்டுகிறார்கள். ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

மாதிரி எழுத்தைப் பார்த்து எழுதுவதிலும் குறை இல்லாமல் இல்லை. பரிசு, தரவரிசை என்று வந்தபின் பிள்ளை சொல்லை மறந்து கோட்டின் சாய்வை மட்டும் நினைக்கிறது. ‘நட்பு’ என்று இருபது தாள் எழுதிய குழந்தை நட்பைப் பற்றி ஒரு நொடியும் யோசிக்காமல் எழுந்து போக முடியும். ஸ்கிராப்புக் செய்பவரால் அப்படிப் போக முடியாது. ஏன் இந்தச் சொல் என்று ஜனவரிப் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.

அடுத்த வேறுபாடு திருத்துவது பற்றியது. தூரிகை எழுத்தில் ஒரு முறை போட்ட கோட்டின் மேல் மறுபடி தடவுவது தவறு. மை தாளில் ஊறும் விதத்திலேயே அது காட்டிக் கொடுத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டும். ஆகவே எழுதும் முன்பே உடம்பு தயாராக வேண்டும்: முதுகு நிமிர்ந்து, இடது கை தாளைப் பிடித்து, வலது முழங்கை உயர்ந்து. சொல்லை ஒரே மூச்சில் உடலால் செய்துவிடுகிறார்கள்.

ஆல்பத்தின் பக்கமோ நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதற்கென்றே இருப்பது. படத்தை இடம் மாற்றலாம், பின்னணித் தாளை மாற்றலாம், குறிப்பை மூடி வேறு குறிப்பு ஒட்டலாம். இதற்கு உலகெங்கும் ஸ்கிராப்புக் செய்பவர்கள் கைக்கொண்டிருக்கும் பொருள் வாஷி டேப் என்னும் காகித ஒட்டுநாடா. அதன் கதை ஜப்பானில்தான் தொடங்குகிறது. ஒகயாமா மாகாணத்தின் குராஷிகி நகரில் 1923-இல் ஈ ஒட்டும் தாள் செய்யத் தொடங்கிய கமோய் என்ற நிறுவனம், பின்னாளில் வண்ணம் பூசுபவர்களுக்கான மறைப்பு டேப்புகளைச் செய்துவந்தது. 2006-இல் பெண் கலைஞர்கள் சிலர், அந்தத் தொழிற்சாலை டேப்பைக் கொண்டே தாங்கள் செய்த படைப்புகளின் நூலோடு நிறுவனத்தை அணுகினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘எம்டி’ என்ற பெயரில் இன்று வண்ண வண்ணமாக விற்கும் டேப். அவர்கள் அணுகியது, அலி எட்வர்ட்ஸ் முதல் சொல்லைத் தேர்ந்த அதே ஆண்டு. கிழித்து ஒட்டலாம், தாளைக் கிழிக்காமல் எடுத்து மறுபடி ஒட்டலாம். திரும்பத் திரும்ப யோசிக்கும் ஆல்பக் கலைக்கு இதைவிடப் பொருத்தமான பசை இல்லை. ஒரே நாட்டிலிருந்து, மாற்றவே முடியாத கோடும் எப்போதும் மாற்றக்கூடிய டேப்பும் வந்திருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆல்பம் செய்பவர்களின் பெரிய கவலை ஆயுள். பழைய பசைப்பக்க ஆல்பங்களில், மேலே பிளாஸ்டிக் தாள் மூடி வரும் அந்த ஆல்பங்களில், வைத்த படங்கள் மஞ்சளாகி, பிடுங்கினால் கிழியும் நிலைக்குப் போனதை நாமும் நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அமிலம் இல்லாத தாள், லிக்னின் நீக்கிய தாள், பிவிசி கலக்காத உறை என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். லிக்னின் என்பது மரத்தில் இருக்கும் பொருள். செய்தித்தாளை வெயிலில் வைத்தால் பழுப்பாவது அதனால்தான். தாளும் பசையும் படத்தைக் கெடுக்குமா என்று சோதித்துச் சொல்ல, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பட நிலைப்புக்கான ஓர் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. இவ்வளவும் செய்தும் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த வண்ணப்படம் வெளிச்சத்தில் வெளுக்கத்தான் செய்கிறது.

ஜப்பானிய மை விளக்குக் கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து செய்வது. கரி வெளுக்காது. நாராவில் ஷோசோயின் கருவூலத்திலிருக்கும் 8-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் எழுத்து இன்றும் கருப்பாகவே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாங்கும் மையால் எழுதிவிட்டு, ஜனவரி 15-ஐ ஒட்டி அதை எரித்துவிடுகிறார்கள்.

அந்த எரிப்புக்கு தோந்தோயாகி என்று பெயர். சாகிச்சோ என்றும் சொல்வார்கள். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கூம்பாகக் கட்டி, வாசலில் வைத்த பைன் கிளைகள், வைக்கோல் கயிறுகள் ஆகிய புத்தாண்டு அலங்காரங்களோடு பிள்ளைகளின் ககிசோமே தாள்களையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள். கனகாவா மாகாணத்து ஓய்சோ ஊரில் கடற்கரை மணலில் இப்படிப் பல கூம்புகள் எரிவது பேர்பெற்றது. எரியும் தாள் எவ்வளவு உயரப் பறக்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையின் கையெழுத்து அந்த ஆண்டில் தேறும் என்று நம்பிக்கை. புத்தாண்டுக்கு வந்த தெய்வம் அந்தப் புகையோடு திரும்பிப் போகிறது என்பார்கள். தணலில் அரிசி உருண்டைகளைச் சுட்டுத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தேதியளவில் இது நம் போகியை ஒட்டி நடப்பது. ஆனால் நாம் எரிப்பது பழையதை, அவர்கள் எரிப்பது இரண்டு வாரமே ஆன புதியதை.

பிள்ளையிடம் உன் சொல் பொய்த்ததா என்று கேட்க அதன்பின் ஆள் இல்லை. ‘நம்பிக்கை’ என்று எழுதியவன் மார்ச் மாதத் தேர்வில் தோற்றால், அந்தத் தாள் சுவரில் தொங்கிக்கொண்டு அவனைப் பார்க்காது. எழுதும்போது முழு மனது, எழுதிய பிறகு முழு விடுதலை. இந்த விடுதலை ஆல்பத்துக்கு இல்லை. ஜனவரியில் ‘பொறுமை’ என்று முகப்பு எழுதிவிட்டு ஏப்ரலில் பிள்ளைகளிடம் கத்திய அம்மாவை அந்த முகப்பு விடுவதில்லை. மாதாமாதம் ஒரு பக்கம் என்றால் மாதாமாதம் ஒரு கேள்வி.

இங்கேதான் ஆல்பத்தின் அருமை தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல் எப்படி ஸ்கிராப்புக் வேலைக்கே உயிர் கொடுக்கிறது என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

சாதாரணமாக ஆல்பம் நிகழ்ச்சிகளின் பின்னால் ஓடும். பிறந்தநாள், சுற்றுலா, கல்யாணம், பண்டிகை. கேமரா எடுக்கும் நாள்கள் இவைதான் என்பதால் பக்கங்களும் இவைதான். ஆண்டில் மீதமுள்ள முந்நூறு சொச்சம் நாள்கள் எங்கேயும் பதிவாவதில்லை. ஒரு சொல்லைக் கையில் வைத்திருப்பவர் நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை. ‘பொறுமை’ என்று எடுத்தவர் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கையைப் படம் எடுப்பார். தோசைக்கு மாவு பொங்கக் காத்திருக்கும் பாத்திரத்தை எடுப்பார். நட்டு மூன்று மாதமாகியும் பூக்காத செடியை மாதத்துக்கு ஒரு முறை ஒரே கோணத்தில் எடுப்பார். இவற்றுக்கெல்லாம் வேறெந்த ஆல்பத்திலும் இடம் கிடையாது. ‘விளையாடு’ என்று எடுத்தவருக்கு வீட்டுத் தரையில் சிதறிய பொம்மைகள் பெருக்க வேண்டிய குப்பையாகத் தெரியாமல் படமாகத் தெரியும். சொல் கண்ணை மாற்றுகிறது. கண் மாறியதால் படம் மாறுகிறது. படம் மாறியதால் பக்கத்தின் அமைப்பும் மாறுகிறது. பெரிய படம் ஒன்று நடுவில், சுற்றிலும் அலங்காரம் என்ற பிறந்தநாள் பக்கத்தின் அமைப்பு பூக்காத செடிக்குப் பொருந்தாது. அதற்குச் சிறிய படங்கள் வரிசையாக வேண்டும், நிறைய வெற்றிடம் வேண்டும், கீழே இரண்டு வரி எழுத்து வேண்டும். நாலு அங்குலம், மூன்று அங்குலச் சின்ன அட்டைகள் செருகும் உறைப் பக்கங்கள் இந்த வேலைக்கு மிகவும் உதவுகின்றன. ஒரு வாரத்துக்கு ஒரு அட்டை என்று நிரப்பிக்கொண்டே போகலாம்.

ககிசோமேயால் இதைச் செய்ய முடியாது. அது தொடக்கத்துக்கு மட்டும் உரியது. கைக்கு ஒரு சங்கல்பம் கொடுத்து அனுப்பிவிடும். கண்ணுக்கு எதுவும் சொல்லாது.

ஜப்பானில் இந்தக் கணக்கின் மறுபாதியைச் செய்ய இன்னொரு வழக்கம் உண்டு. 1995 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நாட்டு மக்கள் வாக்களித்து, கடந்துபோகும் ஆண்டுக்கு ஒரே எழுத்தைத் தேர்கிறார்கள். கியோத்தோவின் கியோமிசு ஆலயத் தலைமைத் துறவி அதைப் பெரிய தாளில் தூரிகையால் எழுதுகிறார். முதல் ஆண்டின் எழுத்து ‘நடுக்கம்’. கோபே நிலநடுக்கம் நடந்த ஆண்டு அது. சுனாமி வந்த 2011-இல் ‘பந்தம்’. ஜனவரிச் சொல் வேண்டுதல், டிசம்பர் எழுத்து சாட்சியம். ஜப்பான் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. முன்னதை ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள், பின்னதை நாடே சேர்ந்து தேர்கிறது. ஸ்கிராப்புக் ஒன்றுதான் வேண்டுதலையும் சாட்சியத்தையும் ஒரே அட்டைக்குள், ஒரே ஆளின் பெயரில், பக்கத்துப் பக்கமாக வைக்கிறது.

ஆகவே இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஆண்டைத் தொடங்க ஜப்பானிய வழி, ஆண்டை வாழ்ந்து பார்க்க அமெரிக்க வழி என்று நான் சொல்வேன். கனமான வேலை ஆல்பத்தினுடையதுதான். ஆனால் அந்த வேலையைப் பெரும்பாலானோர் தவறாகத் தொடங்குகிறார்கள் என்பதும் என் கருத்து. சொல்லைத் தேடுவதில் ஒரு மாதம், அதற்குப் பொருத்தமான தாளும் ஸ்டிக்கரும் வாங்குவதில் இன்னொரு மாதம் என்று போய், சொல்லோடு வாழத் தொடங்கும்போது மார்ச் வந்துவிடுகிறது. சொல் தவறாக அமைந்துவிடுமோ என்ற பயமே இதற்குக் காரணம். தவறான சொல் என்று ஒன்று கிடையாது. ஜப்பானியப் பிள்ளைக்கு வாத்தியார் கொடுத்த சொல்லே போதுமாக இருக்கிறதென்றால், நமக்கு மனதில் முதலில் தோன்றியது போதாதா?

இந்த ஆண்டு ஒரு சொல்லை வைத்து ஆல்பம் தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு: அமிலமில்லாத தாளை வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முகப்புச் சொல்லை மட்டும் ஸ்டிக்கரில் வாங்காதீர்கள். உங்கள் கையால், திருத்தாமல், ஒரே மூச்சில் எழுதுங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். மாதம் ஒரு படமாவது அந்தச் சொல்லுக்கென்றே எடுங்கள். சொல்லுக்கு மாறாக நீங்கள் நடந்துகொண்ட மாதம் ஒன்று கட்டாயம் வரும். அந்த மாதத்துப் பக்கத்தைக் கிழித்துவிடாமல், தேதி போட்டு, நடந்ததை இரண்டு வரி எழுதி, ஆல்பத்திலேயே வையுங்கள்.